காயப்பட்டவரை ஓட்டோவில் ஏற்றுவதற்கு முன்: முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்?

#1 – வாவிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, மண்டூர்ப் பக்கத்து இளைஞர் கழகங்களுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் விபத்துக் காய முதலுதவி பற்றிக் குறிப்பு ஒன்று எழுதுகிறேன். துறை தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் அச்சுக்குப் போகுமுன் கேட்கிறேன்.

எங்கள் பக்கத்துக் காயங்கள் எவை என்று எல்லாருக்கும் தெரியும். ஏ4 வீதியில் இரவில் படுத்திருக்கும் மாட்டிலோ பின்விளக்கில்லாத லேண்ட்மாஸ்டரிலோ (கைட்ரக்டர்) மோதும் மோட்டார் சைக்கிள். வயலில் குடைசாயும் ட்ரக்டர், வெட்டு மெஷினில் சிக்கும் கை. வாவியில் வள்ளத்து எஞ்சின் காற்றாடி. உன்னிச்சை, வெல்லாவெளிப் பக்கம் யானை. காயம் எதுவானாலும் பிறகு நடப்பது ஒன்றுதான்: நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஓட்டோவின் பின்சீற்றில் மடித்து வைத்துக்கொண்டு ஓடுவது.

குறிப்பில் இப்போது இருக்கும் ஒழுங்கு: இடம் பாதுகாப்பானதா எனப் பார்த்தல், கொட்டும் இரத்தத்தை நிறுத்தல், மூச்சுவழி, மூச்சு, பிறகு மற்றவை. மூன்று விடயங்களில் தெளிவு வேண்டும். 1990 அம்புலன்ஸுக்குக் காத்திருப்பதா, கிடைத்த வாகனத்தில் கொண்டுபோவதா? கட்டிறுக்கிப் பட்டி, அதாவது டூர்னிகே, ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா? எல்லாருக்கும் கழுத்துக் கொலர் வேண்டுமா?

#2 – கல்முனைக்கரை

முதற் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே பதில் சொல்ல ஏலாது. ஆனால் ஒன்று நிச்சயம்: 1990க்கு அழைப்பது முதல் நிமிடத்திலேயே நடக்க வேண்டும். ஒருவர் இரத்தத்தை அழுத்தும்போது மற்றவர் அழைக்கட்டும். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும்.

அழைப்பவர் சொல்ல வேண்டியது சந்தியின் பெயர், பக்கத்துக் கோயில் அல்லது பள்ளிவாசல், மதகு, கிலோமீற்றர் கல். வாவியின் எந்தக் கரை என்பதைக் கட்டாயம் சொல்லுங்க. "களுவாஞ்சிக்குடிக்கு எதிர்ப்பக்கம்" என்றால் வண்டி கிழக்குக் கரையான எழுவான்கரையில் வந்து நிற்கும். எத்தனை பேர், சுயநினைவு உண்டா, யாராவது வாகனத்துக்குள் சிக்கியிருக்கிறார்களா, இதுவும் வேண்டும். வண்டி வர எவ்வளவு நேரம் என்று நீங்களே கேளுங்க.

அந்த நேரத்தை வைத்துத்தான் முடிவு. நோயாளியைப் படுக்க வைத்துப் பக்கத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிற நேரத்தை விட வண்டி வர அதிக நேரம் ஆகுமென்றால் கொண்டுபோங்க. இடையில் சந்திப்பது இன்னும் நல்லது: நீங்கள் மண்முனைப் பாலத்துக்கு வாருங்க, வண்டி அங்கே வரும் என்று பேசி முடிவெடுக்கலாம். மண்டூர்–குறுமன்வெளி, அம்பிளாந்துறை–குருக்கள்மடம் பாதைகளை (வாகனம் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைகள்) நம்பினால் பாதை எந்தக் கரையில் நிற்கிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். மாரியில் கிரான்–புலிபாய்ந்தகல் வீதி தண்ணிக்குள் போனால் வள்ளத்தைத் தவிர வழியில்லை. அந்த ஊர்களில் கார்த்திகை பிறக்குமுன்னே ஆள், வள்ளம், பலகை மூன்றையும் ஒழுங்குபண்ணி வைக்க வேண்டும்.

வாகனம் என்றால் பிக்கப், பட்டா லொறி, வான். ஓட்டோ கடைசி. மயங்கிய ஆளை ஓட்டோவில் இருத்தினால் தாடை நெஞ்சில் முட்டும், நாக்கு பின்னால் விழும், மூச்சுவழி மூடும். வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். இடுப்பென்பு உடைந்திருந்தால் மடிக்கும்போது உறைந்த கட்டி கலைந்து மறுபடி இரத்தம் ஓடும். காயத்தை அழுத்திப் பிடிக்க ஆளுக்கும் இடமில்லை. கைக்காயத்துடன் நினைவாக இருக்கிறவரை ஓட்டோவில் கொண்டுபோவதில் பிழையில்லை. மயங்கியவருக்கு வேறு வாகனமே இல்லையென்றால் சீற்றில் ஒருக்களித்துக் கிடத்தி, ஒருவர் கீழே குந்தி தாடையை முன்னுக்குத் தள்ளிப் பிடித்தபடி வர வேண்டும்.

இடத்தில் செய்யும் வேலை பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. அது அம்புலன்ஸ் ஆட்களுக்கும் பொருந்தும்.

#3 – ஈரியூ_தாதி

இரண்டாவது கேள்வி. சொல்லிக்கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் நேரடி அழுத்தத்தைக் கையால் செய்து பழகிய பிறகுதான்.

பெரும்பாலான இரத்தப்போக்கு வடிவாக அழுத்தினாலே நிற்கும். "வடிவாக" என்பது உள்ளங்கையின் அடிப்பகுதியை இரத்தம் வரும் புள்ளியின் மேல் வைத்து, கையை மடக்காமல், உடல் பாரத்தைப் போட்டு, பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்துவது. இரண்டு நிமிடத்துக்கொரு தடவை துணியை எடுத்து நின்றதா எனப் பார்ப்பதுதான் நாங்கள் அதிகம் காணும் பிழை. கட்டத் தொடங்கும் உறைவு அதிலேயே கழன்றுவிடும். அடுத்த பிழை, துணிக்கு மேல் துணியாக அடுக்கித் தலையணை கட்டுவது. வெளியே சிவப்பு தெரியாது, உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். முதல் துணி நனைந்து வழிந்தால் எடுத்துவிட்டுச் சரியான புள்ளியைத் தேட வேண்டும்.

கவட்டி, கக்கம், தோள், கழுத்தடி ஆகிய இடங்களில் பட்டி போட ஏலாது. ஆழமான காயமென்றால் கோஸை (காயம் கட்டும் வலைத்துணி) விரலால் அடிவரை தள்ளி, இரத்தம் வரும் மூலையிலிருந்து தொடங்கி இடைவெளி விடாமல் அடைத்து, மேலே அழுத்த வேண்டும். சாதாரண கோஸ் என்றால் பத்து நிமிடம், உறைவிக்கும் மருந்து பூசிய கோஸ் என்றால் மூன்று நிமிடம். கோஸ் இல்லாவிட்டால் சுத்தமான பருத்திச் சேலைத் துண்டு. நெஞ்சறைக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் எதையும் அடைக்கக் கூடாது. கழுத்தைச் சுற்றிக் கட்டவும் கூடாது. குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ள வேண்டாம். சேலைனில் நனைத்த துணியால் மூடி, மேலே பொலித்தீன் வைத்து, முழங்காலை மடக்கிப் படுக்க வையுங்க.

கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டால், நிலத்தில் குளம் கட்டினால், உறுப்பு துண்டாகிப் போயிருந்தால் நேராக டூர்னிகே. காயத்துக்கு மேலே 5 முதல் 7 செ.மீ., மூட்டின் மேல் அல்ல. காயம் எங்கென்று தெரியாத இருட்டில் கை, கால் உடலோடு சேரும் இடம் வரை உயர்த்திப் போடுங்க. இரத்தம் நிற்கும் வரை இறுக்க வேண்டும், கீழே நாடி தட்டக் கூடாது. அரைகுறையாக இறுக்கினால் நாடி வழியாக இரத்தம் உள்ளே போகும், நாளம் வழியாகத் திரும்ப ஏலாது, காயத்தால் இன்னும் கூடுதலாகக் கொட்டும். ஒன்று போதாவிட்டால் அதற்கு மேலே இன்னொன்று. நேரத்தை நெற்றியிலோ பட்டியிலோ பேனையால் எழுதுங்க. மறுகா அதை வழியில் தளர்த்திப் பார்ப்பது கிடையாது.

#4 – வயல்வெளி_அக்கரைப்பற்று

மேற்கோள்: *நேராக டூர்னிகே*

தாதி தங்கச்சி சொல்வது விளங்குது. ஆனால் எங்கட பக்கம் "கட்டினால் காலைக் கழட்ட வேண்டி வரும்" என்ற பயம் ஆழமாகக் கிடக்கு. பாம்புக் கடிக்குக் கயிறு கட்டி விரல் கறுத்துப்போனதைக் கண்ட ஆட்கள் அதே பயத்தை இதற்கும் கொண்டுவருகிறார்கள். வகுப்பில் இதற்குப் பதில் இல்லாவிட்டால் ஒருவரும் கட்ட மாட்டார்கள்.

இன்னொன்று, எங்கட காயம் பெரும்பாலும் மெஷின் காயம். லேண்ட்மாஸ்டர் பெல்ட்டில் விரல், ட்ரக்டரின் பி.ரி.ஓ. தண்டில் (எஞ்சின் விசையைப் பின்னால் பூட்டும் மெஷினுக்குக் கொடுக்கும் சுழல்தண்டு) சாரம் சுற்றி இழுத்த தொடை, வெட்டு மெஷின் கத்தியில் கை. முதல் வேலை எஞ்சினை நிறுத்தித் திறப்பை எடுப்பது. நிறுத்தினாலும் ஹைட்ரோலிக் அமுக்கமும் பெல்ட் இழுவையும் உள்ளே நிற்கும். கியரைப் பின்னுக்குப் போட்டுக் கையை எடுக்கப் பார்த்து இரண்டாவது தடவை நசிப்பது நடக்குது. பெல்ட்டை வெட்டுவதோ போல்ட்டைக் கழட்டுவதோதான் சரி.

#5 – ஈரியூ_தாதி

நல்ல கேள்வி அண்ணன். பாம்புக் கடிக்குக் கட்டவே கூடாது, அது வேறு கணக்கு. இரத்தக் காயத்தில் இரண்டு மணி நேரம் வரை டூர்னிகே இருப்பதால் உறுப்பு போவது மிக அரிது. ஆறு மணி நேரம் தாண்டினால்தான் தசை அழிவு பெரிய பிரச்சினை. பொத்துவிலிலிருந்து கல்முனைக்கு வந்தாலும் இரண்டு மணி நேரம் ஆகாது. ஆனால் தொடை நாடி அறுந்தவர் சில நிமிடத்தில் இறந்துவிடுவார். வகுப்பில் இந்த இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்க, பயம் போகும்.

கடைகளிலோ இணையத்திலோ வாங்கும் மலிவான டூர்னிகேயில் முறுக்கும் பிளாஸ்ரிக் தடி உடையும். வாங்கினால் ஒன்றைப் பயிற்சிக்கென்று வைத்துத் தொடையில் முழுதாக இறுக்கிப் பாருங்க. ஒன்றும் இல்லாத இடத்தில் சாரத்தையோ சால்வையையோ 5 செ.மீ. அகலத்துக்கு மடித்து இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சின் மேல் உறுதியான கம்பு வைத்து இன்னொரு முடிச்சுப் போட்டு முறுக்கி, கம்பைக் கட்டிவிட வேண்டும். கம்பு இல்லாமல் கையால் இழுத்துக் கட்டுவது தொடையில் பலிக்காது. நைலோன் கயிறு, கம்பி, தங்கூசி வேண்டாம், தோலையும் நரம்பையும் அறுத்துவிடும்.

துண்டான விரலைச் சேலைனில் நனைத்துப் பிழிந்த கோஸில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணிக்குள் வையுங்க. நேரே ஐஸில் வைத்தால் திசு உறைந்து செத்துப்போகும், பொருத்த ஏலாது. கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் எந்தக் காயத்திலும் வேண்டாம். சத்திரசிகிச்சைத் தியேட்டரில் அதைச் சுரண்டி எடுக்கவே நேரம் போகும்.

குத்தி நிற்கிற கம்பி, மீன்குத்தி, கண்ணாடித் துண்டை இழுக்கக் கூடாது. இரண்டு பக்கமும் துணி அணை வைத்து அசையாமல் கட்டி, நீளமாக இருந்தால் வெளிப்பகுதியை மட்டும் வெட்டுங்க.

#6 – மயக்கமருந்து

அனெஸ்தீசியாப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இரத்தம் எவ்வளவு போயிருக்கிறது என்பதைப் பிரஷரை வைத்து மட்டும் கணிக்கும் பழக்கம் ஆபத்தானது.

70 கி.கி. ஆளிடம் சுமார் 5 லீற்றர் இரத்தம் இருக்கும். 750 மி.லீ. வரை போனால் பெரிதாக ஒன்றும் தெரியாது. 750 முதல் 1500 வரை போகும்போது நாடி 100ஐத் தாண்டும், தோல் குளிரும், ஆள் பதறுவார், ஆனால் மேல் பிரஷர் இன்னும் சாதாரணமாக இருக்கும். மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் இடைவெளி குறைவதைக் கவனித்தால் இந்தக் கட்டத்திலேயே பிடிக்கலாம். 1500க்கு மேல் போன பிறகுதான் பிரஷர் விழுகிறது. "பிரஷர் 110, ஆள் ஓகே" என்று எழுதிவிட்டு அரை மணியில் இழப்பது இப்படித்தான். நாடி எண்ணிக்கை மேல் பிரஷரின் எண்ணைத் தாண்டினால், உதாரணமாக நாடி 120, பிரஷர் 100, அவர் பாரதூரமான நிலையில் இருக்கிறார் என்றே எடுங்க. பிரஷர் மெஷின் இல்லாத இடத்தில் மணிக்கட்டில் நாடி தட்டாமை, குளிர்ந்த வியர்வை, குழம்பிய பேச்சு போதும். பிள்ளைகளில் பிரஷர் இன்னும் கூடுதல் நேரம் தாங்கி நிற்கும், விழுந்தால் ஒரேயடியாக விழும். முதியவர் பீற்றா புளோக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) குடித்தால் நாடி ஏறவே ஏறாது.

வெளியே தெரியாத இரத்தம் எங்கே போகும் என்றால் நெஞ்சு, வயிறு, இடுப்பு, தொடை. மூடிய தொடையென்பு முறிவில் மட்டும் ஒன்று முதல் ஒன்றரை லீற்றர் தசைக்குள் தேங்கும். யானை மிதித்தவரிலும் ட்ரக்டர் ஏறியவரிலும் தோலில் கீறல்கூட இராது, உள்ளே எல்லாம் கிழிந்திருக்கும். அப்படிப்பட்டவரை மீண்டும் மீண்டும் வயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டாம்.

சேலைன் பற்றி. இரத்தம் நிற்காத ஆளுக்கு லீற்றர் லீற்றராக ஏற்றினால் உறைவுப் பொருள்கள் ஐதாகும், உடல் குளிரும், அமுக்கம் கூடி உறைவு கழன்று போகும். மணிக்கட்டு நாடி தட்டும் அளவு, மேல் பிரஷர் 80–90, அது போதும். 250 மி.லீ. கொடுத்துப் பாருங்க, மறுபடி பாருங்க. தலைக்காயம் சேர்ந்திருந்தால் இந்தக் கணக்குப் பொருந்தாது, மூளைக்கு அமுக்கம் வேண்டும், 110க்குக் கீழே விட வேண்டாம்.

ட்ரனெக்சமிக் அசிட், இரத்த உறைவு கரையாமல் தடுக்கும் மலிவான மருந்து. 20,211 பேரில் செய்த கிராஷ்-2 ஆய்வு 2010இல் வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தவர்களில் இரத்தப்போக்கால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தவர்களில் அது கூடியது. 1 கிராம் பத்து நிமிடத்தில், பிறகு 1 கிராம் எட்டு மணி நேரத்தில். வேகமாகத் தள்ளினால் பிரஷர் விழும். ஆகவே பிராந்திய வைத்தியசாலைக்கு வரும் ஆளின் விபத்து நேரம் தெரியாவிட்டால் மருந்து கொடுப்பதா வேண்டாமா என்பதே சிக்கலாகிவிடும். குறிப்பில் "நேரத்தைக் குறி" என்பதை முதல் பக்கத்தில் போடுங்க.

#7 – வாவிக்கரை

டொக்டர், ஊரில் காயப்பட்டவருக்குச் சோடா, தண்ணி குடுப்பார்கள். அதையும் எழுதட்டா?

#8 – மயக்கமருந்து

கட்டாயம். வாயால் ஒன்றும் வேண்டாம். நினைவு மங்கும்போது அது வெளியே வந்து மூச்சுக்குழாயில் இறங்கும், தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கும்போதும் அதே ஆபத்து. தாகம் என்று கேட்டால் அது இரத்தம் போவதன் அறிகுறி. உதட்டை நனைத்து விடலாம்.

#9 – கல்முனைக்கரை

நெஞ்சைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. சட்டையை வெட்டிப் பாருங்க, முதுகுப் பக்கமும் சேர்த்து. பெண் பிள்ளை என்றால் சால்வையால் மறைத்துப் பார்க்கலாம், பார்க்காமல் விடக் கூடாது.

நெஞ்சில் ஓட்டை இருந்து மூச்சு எடுக்கும்போது உறிஞ்சும் சத்தமும் நுரையும் வந்தால் காற்று அதன் வழியே உள்ளே போகிறது. காற்று வெளியேற வழி வைத்த நெஞ்சு ஒட்டி (செஸ்ற் சீல்) இருந்தால் அதை ஒட்டுங்க. இல்லாவிட்டால் சேலைன் பையின் பிளாஸ்ரிக்கை வெட்டி மூன்று பக்கம் பிளாஸ்ரர் ஒட்டி ஒரு பக்கம் விடுங்க. இரத்தமும் வியர்வையும் இருக்கும் தோலில் பிளாஸ்ரர் ஒட்டாது, துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு மூச்சு மோசமானால் ஒரு மூலையைத் தூக்கிக் காற்றை வெளியே விட்டு மறுபடி மூடுங்க. அதை மறந்துவிட்டால் நாங்கள் மூடிய ஓட்டையே ஆளைக் கொல்லும்.

அமுக்கக் காற்று நெஞ்சு, அதாவது டென்ஷன் நியூமோதொரெக்ஸ்: மூச்சுத் திணறல் நிமிடத்துக்கு நிமிடம் கூடும், ஒரு பக்கம் காற்றுச் சத்தம் இராது, ஒட்சிசன் அளவு இறங்கும், பிரஷர் விழும். கழுத்து நாளம் புடைப்பதையும் மூச்சுக்குழாய் ஒரு பக்கம் விலகுவதையும் காத்திருந்து பார்க்க வேண்டாம். இரத்தம் போன ஆளில் நாளம் புடைக்காது, மூச்சுக்குழாய் விலகுவது கடைசிக் கட்டம். ஊசி போடுவது பயிற்சி பெற்றவருக்கு மட்டும். வளர்ந்தவருக்கு 2018இல் வந்த ஏ.ரி.எல்.எஸ். (வைத்தியர்களுக்கான விபத்துக் காயப் பயிற்சி நெறி) பத்தாம் பதிப்பு இடத்தை மாற்றியது: 4ஆம் அல்லது 5ஆம் விலா இடைவெளி, நடுக்கக்கக் கோட்டுக்கு (கக்கத்தின் நடுவிலிருந்து நேர்கீழே இறங்கும் கோடு) சற்று முன்னால். கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டியே ஊசி போக வேண்டும், மேல் விலாவின் அடியில் நாளமும் நரம்பும் ஓடுகிறது. சாதாரண 5 செ.மீ. கனியூலா (ஊசிக்குழாய்) தடித்த நெஞ்சில் எட்டாது, 14 கேஜ் 8 செ.மீ. வேண்டும். போட்டு இறங்கின பிறகும் கனியூலா மடிந்து அடைபடும். வைத்தியசாலை போகும்வரை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

#10 – எலும்புப்பிரிவு

இடுப்பென்பு. இதில்தான் எங்கள் ஊரில் கையில் இருக்கும் பொருளே நல்ல மருந்து.

உயரத்திலிருந்து விழுந்தவர், வாகனம் ஏறியவர், மோட்டார் சைக்கிளிலிருந்து எறியப்பட்டவர், இடுப்பு நோகுது என்றால் உடைந்திருக்கிறது என எடுங்க. இரண்டு பக்கமும் பிடித்துத் திறந்து மூடிப் பார்ப்பதை நிறுத்துங்க. ஒரு தடவை அப்படிச் செய்தால் உறைந்தது கலைந்துவிடும். ஒரு சாரத்தை 15–20 செ.மீ. அகலத்துக்கு மடித்து, முழங்காலுக்கடியில் நுழைத்து மேலே இழுத்து, தொடையின் வெளிப்பக்கம் புடைத்திருக்கும் எலும்பு முனைகளின் மட்டத்தில் கொண்டுவந்து இருவர் எதிரெதிராக இழுத்து இறுக்கி முடிய வேண்டும். மட்டத்தில்தான் எல்லாரும் பிழைவிடுகிறார்கள். பெல்ட் கட்டும் இடத்தில் கட்டினால் இடுப்பு வளையம் மூடாது, சில முறிவில் இன்னும் திறக்கும். காற்சட்டைப் பை வாயில் இருக்கும் மட்டம் என்று சொல்லிக் கொடுங்க. பைக்குள் போனோ சாவியோ இருந்தால் முதலில் எடுக்க வேண்டும். பிறகு முழங்கால்களையும் பாதங்களையும் சேர்த்துக் கட்டினால் கால் வெளிப்பக்கம் திரும்புவது நிற்கும்.

இவர்களை ஒருக்களித்து முழுதாக உருட்ட வேண்டாம். பலகை செருக 10–15 பாகை சாய்வு போதும்.

வெளியே எலும்பு தெரியும் முறிவில் சேற்றைச் சேலைனால் கழுவி, நனைந்த கோஸ் போட்டு, அச்சு (அசையாமல் தாங்கும் மட்டை) வைத்துக் கட்டுங்க. கட்டுமுன்னும் பின்னும் விரலின் நிறம், சூடு, உணர்வு பார்க்க வேண்டும். கால் முறுகி நாடி தட்டாமல் இருந்தால் மெதுவாக இழுத்து நேராக்கலாம், இழுவையைத் தொடர்ந்து பிடித்தபடி அச்சுக்கட்ட வேண்டும். வயற்சேறு பட்ட முறிவுக்கு ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி கிடைத்தால் நல்லது. ஏற்பூசியும் (டெட்டனஸ் தடுப்பூசி) கேளுங்க.

கழுத்துக் கொலர் பற்றிய மூன்றாவது கேள்விக்கு: எல்லாருக்கும் வேண்டும் என்பது எனது நிலைப்பாடு. நம்மூர் வீதியில், பின்பக்கம் திறந்த வாகனத்தில், கழுத்து எப்படி அசையும் என்று யாருக்கும் தெரியாது.

#11 – மயக்கமருந்து

மரியாதையோடு மாறுபடுகிறேன். மற்றதெல்லாம் சரி, கொலர் எல்லாருக்கும் வேண்டியதில்லை. இறுக்கமான கொலர் கழுத்து நாளங்களை அமுக்கி மூளை அமுக்கத்தைக் கூட்டும், வாய் திறப்பதைக் குறைக்கும், வாந்தி வரும்போது ஆபத்து. கத்திக்குத்து, வெட்டு மட்டும் என்றால் தேவையே இல்லை. நினைவோடு இருந்து, போதை இல்லாமல், கழுத்தெலும்பில் நோ இல்லாமல், கைகால் விறைப்பு இல்லாமல், வேறு பெரிய நோவும் இல்லாதவருக்கும் வேண்டாம். சந்தேகம் இருப்பவருக்கு இரண்டு கையால் தலையைப் பிடிப்பதும், இரு பக்கமும் சுருட்டிய சேலையோ சாக்கோ வைத்து நெற்றியில் பட்டை போடுவதும் போதும். நீண்ட பலகை தூக்கி எடுக்கத்தான், அதிலேயே ஒரு மணி நேரம் கிடத்தினால் முதுகு புண்ணாகும்.

மூச்சுவழியும் கழுத்தும் மோதினால் மூச்சுவழிதான் வெல்ல வேண்டும். தாடையை முன்தள்ளுவது முதல். அது போதாவிட்டால் தலையைச் சாய்த்தாவது திறவுங்க.

#12 – எலும்புப்பிரிவு

டொக்டர் சொன்ன விதிவிலக்குகளை ஏற்கிறேன். போதையில் இருப்பவரையும் 65 வயதைத் தாண்டியவரையும் "நோ இல்லை" என்று நம்பி விட வேண்டாம் என்பதை மட்டும் சேருங்க. முதியவரில் நின்ற உயரத்திலிருந்து விழுந்தே கழுத்து முறியும்.

#13 – ஈரியூ_தாதி

தலைக்காயம். எங்கள் பக்கம் இது பெரும்பாலும் இரவு, பெரும்பாலும் மோட்டார் சைக்கிள், பெரும்பாலும் சாராயமும் கூட. "குடிச்சிருக்கான், தூங்கி எழும்பினால் சரி" என்று வீட்டில் கிடத்துவதுதான் கொல்லுகிறது. போதை நேரம் போகப்போகக் குறையும். மூளை இரத்தக்கசிவு நேரம் போகப்போகக் கூடும். அடிபட்டு எழும்பி, நன்றாகக் கதைத்து, ஓரிரு மணி நேரத்தில் வாந்தி எடுத்துச் சரிவது மண்டையோட்டுக்கு உட்புற இரத்தக்கட்டியின் வழமையான போக்கு.

பார்ப்பது எளிது. "என் விரலை இறுக்கு" என்றால் இறுக்குகிறாரா? இல்லையென்றால் பெரிய வைத்தியசாலை. கண்மணி இரண்டும் ஒரே அளவா? ஒவ்வொரு ஐந்து நிமிடமும் எழுதுங்க. ஜி.சி.எஸ். (நினைவு நிலைக்குப் போடும் புள்ளி) தெரிந்தவர்கள் மொத்தத்தை மட்டும் எழுதாமல் கண், பேச்சு, அசைவு மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். 8 அல்லது அதற்குக் கீழே என்றால் அவரால் தன் மூச்சுவழியைக் காக்க ஏலாது.

அடிபட்ட மூளையை ஒட்சிசன் குறைவும் பிரஷர் குறைவும்தான் மறுபடி சேதப்படுத்துகிறது. ஒட்சிசன் அளவை 94க்கு மேல் வைத்திருங்க, 90க்குக் கீழே ஒரு நிமிடமும் வேண்டாம். மூச்சுக் கொடுக்கும் அம்பு (Ambu) பையை அமுக்கும்போது நிமிடத்துக்குப் பத்து தடவை. பதற்றத்தில் முப்பது தடவை அமுக்கினால் மூளை நாளங்கள் சுருங்கி இரத்த ஓட்டம் குறையும். அதிர்ச்சி நிலை இல்லாவிட்டால் தலைப்பக்கம் 30 பாகை உயர்த்துங்க. மூக்கால், காதால் தெளிநீர் கலந்த இரத்தம் வந்தால் மூக்கில் குழாய் செருக வேண்டாம், அடைக்கவும் வேண்டாம்.

முழுமுக ஹெல்மெட்டைக் கழட்ட இருவர் வேண்டும். ஒருவர் கீழ்ப்பக்கமிருந்து ஒரு கையால் தாடையையும் மறு கையால் பிடரியையும் பிடிக்க, மற்றவர் ஹெல்மெட்டின் பக்கங்களை விரித்து, மூக்கு தட்டாமல் சற்றுப் பின்னால் சாய்த்து இழுக்க வேண்டும். தனி ஆள் என்றால் முன்கண்ணாடியைத் தூக்கி மூச்சு வருகிறதா எனப் பார்த்து, வந்தால் விட்டுவிடலாம்.

#14 – வயல்வெளி_அக்கரைப்பற்று

ட்ரக்டரின் கீழ் கால் நசிந்து கன நேரம் கிடந்த ஆளை எடுத்ததும் சரிவதைப் பற்றிச் சொல்லுங்க. வயல் வட்டைக்குள்ள பாரம் தூக்கும் ஜக் வரவே நேரம் ஆகும்.

#15 – மயக்கமருந்து

நசிந்த தசையில் பொட்டாசியமும் அமிலமும் தேங்கும். பாரத்தை எடுத்ததும் அது ஒரே தடவையில் இதயத்துக்குப் போய்த் துடிப்பைக் குழப்பும். சில நிமிடமே நசிந்தவரை உடனே எடுங்க, யோசிக்க ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் ஆபத்து தொடங்கும், நாலு மணிக்கு மேல் கட்டாயம் எதிர்பார்க்க வேண்டும். அம்புலன்ஸ் வந்திருந்தால் பாரத்தை எடுக்குமுன்னரே நோர்மல் சேலைன், வளர்ந்தவருக்கு மணிக்கு ஒரு லீற்றர் அளவில். ஹார்ட்மன் திரவம் வேண்டாம், அதில் பொட்டாசியம் இருக்கிறது. இரண்டு மணிக்கு மேல் கிடந்து, சேலைன் கிடைக்கவே வழியில்லை என்றால் எடுக்குமுன் டூர்னிகே போடுவதை யோசிக்கலாம். ஈ.சி.ஜி.யில் ரி அலை கூராக உயர்ந்தால் கல்சியம் குளுக்கோனேற் 10 சதவீதம் 10 மி.லீ., ஈ.சி.ஜி. பார்த்தபடி சில நிமிடத்தில்.

ஜக்கால் தூக்கும்போது ஒவ்வொரு அங்குலத்துக்கும் கட்டை அடைத்துக்கொண்டு வாருங்க. சேற்றில் ஜக் புதைந்து ட்ரக்டர் மறுபடி இறங்குவது இரண்டாவது விபத்து. அடியில் பலகை வையுங்க.

#16 – பாசிக்குடா_உயிர்காப்பு

வள்ளத்துக்காரருக்கு இரண்டு. காற்றாடி வெட்டு வரிசையாக, ஆழமாக இருக்கும். எஞ்சினை நிறுத்தாமல் ஆளை ஏற்ற வேண்டாம். ஏற்றியதும் தண்ணியில் கழுவிப்போன இரத்தம் தெரியாது, துடைத்து விட்டு எது பீறிடுகிறது என்று பாருங்க. வாவித் தண்ணியா கடல் தண்ணியா என்பதை வைத்தியசாலையில் சொல்லுங்க, மருந்துத் தெரிவு அதைப் பொறுத்து மாறும்.

மற்றது குளிர். வெயில் ஊர் என்று நினைப்போம். நனைந்த ஆள், இரத்தம் போன ஆள், வள்ளத்துக் காற்று, பிறகு அம்புலன்ஸ் ஏ.சி. உடல் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் இரத்தம் சரியாக உறையாது. நனைந்த உடுப்பை வெட்டி எறிந்து, துடைத்து, கீழேயும் மேலேயும் போர்வை. பொலித்தீன் விரிப்பு ஒன்று வள்ளத்திலேயே இருக்கட்டும்.

#17 – கல்முனைக்கரை

அந்த ஏ.சி. விடயம் உண்மை. நோயாளி பகுதியில் ஏ.சி.யை நிறுத்திவிடுவது நல்ல பழக்கம், எங்களுக்கு வியர்த்தாலும்.

ஒப்படைப்பு. வைத்தியசாலைக்கு முன்கூட்டியே அழைத்து ஒரு நிமிடத்தில் சொல்லுங்க: வயது, விபத்து நேரம், எப்படி நடந்தது, என்னென்ன காயம், நாடி பிரஷர் மூச்சு நினைவு, என்ன செய்தீர்கள். மேல் பிரஷர் 90க்குக் கீழே, மூச்சு 10க்குக் கீழே அல்லது 29க்கு மேல், சொல்கேளாத நினைவு, நெஞ்சு அல்லது வயிற்றுக் குத்து, இடுப்பு முறிவு, கை கால் துண்டானது இதில் ஒன்று இருந்தாலும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறை மாவட்டப் பொது வைத்தியசாலை, கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை போன்ற இடம்தான். மூச்சுவழி திறக்க முடியாவிட்டால், இரத்தம் நிற்காவிட்டால் மட்டும் வழியில் இருக்கும் ஆதார வைத்தியசாலையில் நிறுத்துங்க. இரவில் சி.ரி. எங்கே இயங்குகிறது, சத்திர வைத்தியர் எங்கே கடமையில் என்பதை வண்டி புறப்படும்போதே கேட்க வேண்டும்.

பொலிஸ் வரும்வரை அசைக்கக் கூடாது என்று கூட்டத்தில் ஒருவர் சொல்லுவார். சிகிச்சை பொலிஸ் பதிவுக்காகக் காத்திருப்பதில்லை. வாகனம் நின்ற இடத்தைப் போனில் படம் எடுத்துவிட்டு ஆளை எடுங்க.

#18 – வாவிக்கரை

குறிப்பைத் திருத்திவிட்டேன். நேரம் எழுதுவது முதல் வரியில். டூர்னிகே தனிப் பக்கம், இரண்டு மணி நேரமும் சில நிமிடமும் பக்கத்தில் பக்கத்தில். சாரத்தால் இடுப்புக் கட்டு படத்தோடு. நெஞ்சு ஊசி ஊர் வகுப்பில் இல்லை, ஓட்டையை மூடுவது மட்டும். கொலர் வேண்டாம், கையால் தலை பிடிப்பது போதும்.

கழகங்களுக்குப் பெட்டி வாங்க என்ன போடலாம்? காசு குறைவு.

#19 – ஈரியூ_தாதி

காசு குறைவென்றால் அயடீன் போத்தலும் சிறிய பிளாஸ்ரரும் வாங்கி வீணாக்காதீங்க. சோதித்த டூர்னிகே 2, சுருள் கோஸ் 6, அகலமான இழுபண்டேஜ் 4, உடுப்பு வெட்டும் கத்தரி 1, கையுறை 10 சோடி, 500 மி.லீ. சேலைன் 2, பெரிய பிளாஸ்ரர் சுருள் 1, பழைய சாரம் 3, பொலித்தீன் விரிப்பு 1, அழியாத பேனை, தலையில் மாட்டும் ரோச். வளர்ந்தவருக்கான இரண்டு அளவு வாய்க் குழாய் வைத்தால் அளக்கும் முறையையும் பழக்குங்க: வாயோரத்திலிருந்து தாடை மூலை வரை. ஓக்காளிக்கும் ஆளுக்குப் போடக் கூடாது.

பெட்டியைக் கழகக் கட்டடத்தில் பூட்டி வைக்க வேண்டாம். சந்தியில் இரவு பத்து மணிவரை திறந்திருக்கும் கடை, பாதைத் துறை, மீன்வாடி, இப்படி இடங்களில் வையுங்க. ரோச் பற்றரியையும் கையுறையையும் மாதம் ஒருக்கால் பாருங்க, இந்த வெக்கையில் இறப்பர் ஒட்டிப்போகும்.